திருமக்காவின் தபீபும் அவர் எடுத்த நிழற்படங்களும்

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய ஒரு நாள். மதரஸாவில் ‘நுக்பத்துல் ஃபிக்ர்’ பாடம் முடிந்து கிதாபை மூடி வைத்திருந்தேன். மாணவர் ஒருவர் சற்றுத் தயக்கத்தோடு அருகில் வந்து தம் கைப்பேசியை நீட்டினார். அதில் ஒரு படம். புனித கஅபா நடுவே நிற்கிறது. அதனைச் சூழ்ந்து மக்கள் வட்டவட்டமாக அணிவகுத்துத் தொழுகின்றனர். பின்னே ஒரு மாடமாளிகையும் இல்லாத வெற்று மலைகள். அடியில் ‘பழைய மக்கா’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன.

“ஹஜ்ரத், இதை எடுத்தவர் யார்?” என்று அவர் கேட்டார்.

அன்று நாங்கள் படித்திருந்த பாடம் ஸனதைப் பற்றியது. செய்தி யாரிடமிருந்து யார் வழியாக வந்தது, நடுவில் பெயர் சொல்லப்படாதவர் எவரேனும் உண்டா என்று துருவி ஆராயும் பாடம். பாடத்தின் சூடு ஆறுமுன்னரே மாணவர் அவ்வினாவைத் தம் கைப்பேசியிடமும் கேட்டுவிட்டார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. எனக்குத் தெரிந்த விடையை அன்று சுருக்கமாகவே சொன்னேன். நம் வீட்டுச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் இத்தகைய படங்கள் பல தொங்குகின்றன; அவற்றின் வரலாற்றை இதழின் வாசகர்களும் அறிய வேண்டும் என்பதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான கூற்றைத் தள்ளிவைத்துவிடுவோம். ‘காமிரா’ என்னும் சொல்லே அரபுமொழியிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகிறது. அது சரியன்று. இலத்தீனில் அறையைக் குறிக்கும் சொல் அது. நமக்குப் பெருமை வேண்டுமானால் அதற்கு உண்மையிலேயே இடமிருக்கிறது. ஹிஜ்ரி நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், இருண்ட அறையின் சிறு துளை வழியாகப் புகும் ஒளி எதிர்ச்சுவரில் எவ்வாறு விழுகிறது என்பதை ஆராய்ந்தார். கிரகண காலத்துச் சூரியனின் வடிவம் அவ்வாறு தோன்றுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஒளியின் இயல்பை அவர் விளக்கிச் சென்றார். விழுந்த பிம்பத்தை அழியாமல் நிறுத்திவைக்கும் வழியை உலகம் கண்டது 1839ஆம் ஆண்டில். அதே ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் அக்கருவியை எகிப்துக்குக் கொண்டுவந்து அலெக்சாந்திரியாவில் படம் எடுத்தனர். ஆனால் ஹிஜாஸின் மண்ணில் அது கால்வைக்க மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

அதனை அங்கே கொண்டுசென்றவர் ஒரு முஸ்லிம். எகிப்தியப் படையின் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே. கெய்ரோவின் இராணுவப் பள்ளியிலும் பாரிஸிலும் பயின்றவர். 1861இல் அல்வஜ்ஹு துறைமுகத்திலிருந்து மதீனா முனவ்வரா வரையுள்ள வழியை அளந்து வரைபடம் ஆக்க அனுப்பப்பட்டபோது தம் படப்பெட்டியையும் உடன்கொண்டு சென்றார். மஸ்ஜிதுந் நபவியின் குப்பாவையும் மினாராக்களையும் முதன்முதலாகப் படம்பிடித்தவர் அவரே. பின்னர் 1880ஆம் ஆண்டு எகிப்திய மஹ்மிலோடு சென்ற ஹஜ்ஜுக் குழுவின் பொருளாளராக மக்கா சென்று, கஅபாவையும் ஹரம் ஷரீபையும் முதன்முதலாகப் படமாக்கினார். அடுத்த ஆண்டு வெனிஸ் நகரில் நடந்த புவியியல் மாநாட்டில் அப்படங்களுக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. ‘மிஷ்அலுல் மஹ்மில்’, ‘கவ்கபுல் ஹஜ்’ முதலிய நூல்களையும் அன்னார் எழுதியுள்ளார்.

அக்காலத்தில் படம் எடுப்பது எத்துணைப் பாடு என்பதை இன்றைய பிள்ளைகள் அறியார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரை ஒரே சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும்; பிறகு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும்; அத்தகடு ஈரம் காயுமுன் பெட்டியில் இட்டுப் படம் எடுத்து, ஈரம் காயுமுன்னரே இருட்டில் வைத்துக் கழுவியும் ஆக வேண்டும். எல்லாம் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள். குளிர்நாட்டில் அந்த அவகாசம்; ஹிஜாஸின் வெயிலில் அதுவும் குறையும். கண்ணாடித் தகடுகள், புட்டிகள், இருட்டுக் கூடாரம், முக்காலி, போதிய தண்ணீர் இவ்வளவையும் ஒட்டகத்தின் மீது ஏற்றிச் செல்ல வேண்டும். காமிரா பார்த்திருக்கும் நேரத்தில் அசைந்தவர் எவரும் படத்தில் புகைபோல் கரைந்து போவார். ஆகவேதான் அக்காலப் படங்களில் மனிதர்கள் சிலைகள்போல் நிற்கின்றனர். தவாஃப் செய்வோர் தென்படுவதைவிடத் தொழுகையில் நிலைத்து நிற்போர் தெளிவாகத் தென்படுகின்றனர்.

புனித ஹரமில் படப்பெட்டியா என்று இங்கே சில வாசகர் முகம் சுளிக்கலாம். உருவப்படம் பற்றிய ஹதீஸ்களை ஓதிக்கொடுப்பதே தொழிலாகக் கொண்டவன் யான். அவ்வினாவின் கனத்தை அறியாதவன் அல்லன். ‘முஸவ்விர்’ என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. உருவமளிப்பவன் அவனே என்பதால், உருவம் தீட்டுவோரைப் பற்றிய எச்சரிக்கை கடுமையானது. அந்த எச்சரிக்கைக்குள் காமிராவும் அடங்குமா என்பதே உலமாக்களிடையே எழுந்த வழக்கு. 1914இல் எகிப்தின் முஃப்தியாகப் பொறுப்பேற்ற ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ, படப்பெட்டியால் எடுப்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதாகாது, இறைவன் படைத்த உருவின் நிழலைப் பிடித்து நிறுத்துவதேயாகும் என்று வாதிட்டு ஒரு ரிஸாலா எழுதினார். தேவ்பந்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்களோ இதனை ஏற்காது, படம் படமே என்று கண்டித்து நூல் எழுதினார். இரு தரப்பாரும் பெரிய ஆலிம்கள். இக்கட்டுரை ஃபத்வா வழங்கும் இடமும் அன்று. ஒன்றை மட்டும் மொழி ஆசிரியனாகச் சொல்லிக்கொள்கிறேன். எகிப்து முஃப்தியின் வாதத்தைக் கேட்டறியாத தமிழன் இதற்கு வைத்த பெயர்களுள் ஒன்று ‘நிழற்படம்’. பாரசீகர் பிரதிபிம்பத்தைக் குறிக்கும் ‘அக்ஸ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டனர். அரபியரோ ‘தஸ்வீர்’ என்ற பழஞ்சொல்லையே இதற்கும் பொருத்தினர். வழக்கின் பாதி அங்கேயே பிறந்துவிட்டது.

வழக்கு எவ்வாறாயினும், 1880இல் ஸாதிக் பே எடுத்த ஆளுருவப் படங்களுள் ஒன்று கஅபாவின் திறவுகோலைக் காக்கும் பனூ ஷைபா குடும்பத்து ஷைகு உமர் அவர்களுடையது. திறவுகோல் காப்பாளரே படப்பெட்டியின் முன் அமர்ந்தார் என்றால், அன்றைய மக்காவில் இக்கருவியைக் கண்டு எல்லோரும் ஓடவில்லை என்பது தெளிவு.

ஸாதிக் பே அரசு அதிகாரி. அவர் பயணத்துக்கு அரசு இருந்தது, பதவி இருந்தது, நூல் அச்சிட வழி இருந்தது. எனவே பெயரும் நின்றது. இனி நான் சொல்லப்போகும் மனிதருக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை.

அஸ்ஸையித் அப்துல் கஃப்பார் என்பது அவர் பெயர். மக்காவில் வாழ்ந்த தபீப், அதாவது மருத்துவர். நோயாளிகளைப் பார்ப்பதோடு அவர் கைகள் ஓய்ந்துவிடவில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பார், துப்பாக்கி சீர்செய்வார், வாசனைத் தைலம் வடிப்பார், பொன்முலாமும் வெள்ளிமுலாமும் பூசுவார். ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று திறந்து பார்க்காமல் அமைதி கொள்ளாத மனிதர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்களே, அத்தகையவர். நம் ஊர்களிலும் ஒருகாலத்தில் கடிகாரக் கடைக்காரரே காமிராவும் வைத்திருந்ததை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம்.

1885ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1302இல், அவர் இல்லத்தில் ஒரு விருந்தினர் படப்பிடிப்பு அறை அமைத்துக்கொண்டார். விருந்தினர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே. முந்திய ஆண்டு ஜித்தா வந்து, இஸ்லாத்தைத் தழுவியதாக அறிவித்து, அவ்வாண்டு பிப்ரவரியில் மக்காவுக்குள் நுழைந்தவர். ஷாஃபிஈ முஃப்தி அஹ்மது ஸைனி தஹ்லானின் பாடங்களில் அமர்ந்து கேட்டவர். ஹாலந்தின் ஆட்சிக்குட்பட்டிருந்த கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து மக்காவில் தங்கியிருந்த முஸ்லிம்களை அறிந்துகொள்வது அவர் பயணத்தின் நோக்கங்களுள் தலையாயது. பிற்காலத்தில் ஆச்சே நாட்டுப் போரில் டச்சு அரசுக்கு ஆலோசகராக இருந்தவரும் இவரே. நாகூர் மரக்கலங்கள் வணிகம் செய்த அந்த ஆச்சேயேதான். அவருடைய ஈமானை எடைபோடுவது நம் வேலையன்று. அவருடைய அறிவு பெரிது. மக்கா மக்களின் வாழ்க்கையை அவர்போல் நுணுக்கமாக எழுதிய ஐரோப்பியர் அரியர்.

அவர் சூட்டிக்கொண்ட முஸ்லிம் பெயர் என்ன தெரியுமா? அப்துல் கஃப்பார்! ஒரே வீட்டில், ஒரே படப்பெட்டியைச் சுற்றி, இரண்டு அப்துல் கஃப்பார்கள்.

அரபு நாட்டில் கிடைத்த தைமா கல்வெட்டைப் பற்றி ஐரோப்பியரிடையே எழுந்த பூசலில் ஸ்னூக்கின் பெயர் பிரெஞ்சுப் பத்திரிகையில் அடிபட்டது. அதன் விளைவாக அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், ஹஜ்ஜுக்குச் சில வாரங்களே இருக்கையில், மக்காவை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டார். எந்த நிகழ்ச்சியைக் காண வந்தாரோ அதனைக் காணாமலேயே திரும்பினார். படப்பெட்டி மருத்துவரிடம் தங்கியது.

இதன் பின்னரே தபீபின் காலம் தொடங்குகிறது. 1886 முதல் 1889 வரை அவர் தனியே படமெடுத்தார். அதற்குள் தொழில்நுட்பமும் மாறியிருந்தது. 1871இல் மாடக்ஸ் என்னும் ஆங்கிலேயர் கண்டறிந்த உலர் தகடு கடைகளுக்கு வந்துவிட்டது. அம்மாடக்ஸும் ஒரு மருத்துவரே என்பது வியப்பான ஒற்றுமை. ஈரத் தகட்டின் பரபரப்பு இனி இல்லை; ஆயத்தமான தகட்டை எடுத்துச் சென்று, படமெடுத்து வந்து, இரவில் வீட்டில் கழுவிக்கொள்ளலாம். காத்திருக்கும் நேரமும் வெகுவாகக் குறைந்தது. அரஃபாத் வெளியில் கூடாரக் கடல், மினாவில் யாத்திரிகர் தங்கல், ஹரமில் ஜமாஅத்துத் தொழுகை ஆகியவை அன்னாரின் படங்களில் அகப்பட்டன. ஹஜ் என்னும் மாபெரும் நிகழ்ச்சியை நடக்கும்போதே எடுக்கும் பணி, மக்காவிலேயே வாழ்ந்த வழக்கமறிந்த ஒருவர் கைக்கு வந்தது இதுவே முதன்முறை எனலாம். ஒரு நொடி தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி அது. திருமண வீடுகளில் ஈஜாபு கபூல் சொல்லும் அந்த ஒரு நிமிடத்துக்காகக் கூட்டத்தில் முண்டியடிக்கும் இன்றைய படப்பிடிப்பாளரின் பதைப்பை ஆயிரம் மடங்கு ஆக்கினால் அது விளங்கும்.

ஆளுருவப் படங்களும் உண்டு. ஷரீப் குடும்பத்தார், அதிகாரிகள், தூரதேசத்து யாத்திரிகர் எனப் பலர் அவர் பெட்டியின் முன் அமர்ந்தனர். ஐரோப்பிய ஸ்டூடியோக்களில் தூணும் திரைச்சீலையும் பூந்தொட்டியும் பின்னணியாக வைப்பது அக்கால வழக்கம். மக்காப் படங்களில் அவ்வாறான அலங்காரம் சொற்பம். வெற்றுச் சுவரோ ஒரு விரிப்போ போதுமானதாயிற்று. உட்கார்ந்திருப்பவரின் முகமும் உடையுமே பேசுகின்றன. படமெடுத்தவர் அந்நியராயின் முகத்தில் ஒரு கூச்சமோ முறைப்போ இருக்கும். தபீபோ அவர்களுள் பலரின் நாடியைப் பிடித்துப் பார்த்தவராகவும் இருக்கலாம். இது என் ஊகமே. ஆயினும் அப்படங்களைப் பார்க்குந்தோறும் இவ்வாறே தோன்றுகிறது.

எடுத்த படங்கள் ஜித்தாவிலிருந்த டச்சுத் துணைத்தூதரகம் வழியாக ஹாலந்தின் லைடன் நகருக்கு, ஸ்னூக்கின் கைக்குச் சென்றன. தபீப் அவற்றில் தம் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தார்: ‘ஃபூதூகிராஃபிய்யத்துஸ் ஸையித் அப்துல் கஃப்பார், தபீபு மக்கா’. மக்கா மருத்துவர் ஸையித் அப்துல் கஃப்பாரின் ஒளிப்படம் என்பது பொருள். அழகிய அரபு எழுத்து. ‘தஸ்வீர்’ என்று எழுதாமல் அயற்சொல்லையே அரபு வடிவில் எழுதியிருப்பதையும் கவனிக்க வேண்டும். கருதிச் செய்தாரோ, கேட்டுப் பழகிய சொல்லை எழுதினாரோ, அச்சொல்லில் வழக்குக்கு இடமில்லை.

ஸ்னூக் 1888இல் படத் தொகுப்பு ஒன்றையும் 1889இல் ‘மக்காவின் படங்கள்’ என்னும் மற்றொன்றையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இரண்டாவது தொகுப்பில் உள்ளவை தபீபின் படங்கள். ஆனால் அச்சில் அக்கையொப்பங்கள் இல்லை, அழிக்கப்பட்டுவிட்டன. தாம் படக்கலை கற்பித்த மக்கா மருத்துவர் ஒருவர் எடுத்தவை என்று முன்னுரை கூறுகிறது. பெயர் இல்லை.

இங்கேதான் எங்கள் பாடக் கிதாபு என் நினைவுக்கு வருகிறது. ‘எனக்கு ஒரு மனிதர் அறிவித்தார்’ என்று பெயர் சொல்லாமல் விடப்படும் அறிவிப்பாளரை முஹத்திஸ்கள் ‘முப்ஹம்’ என்பர். அவ்வாறு விடுபட்ட பெயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே கதீபுல் பக்தாதி அவர்கள் ஒரு பெருநூல் இயற்றினார்கள். ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு ஆட்களைப் பிரித்தறிவதற்கும் அன்னாரே ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ என்று மற்றொரு நூல் செய்தார்கள். ஹிஜ்ரி 463இல் மறைந்த அந்த இமாமுக்கு மக்காவின் இரண்டு அப்துல் கஃப்பார்களின் வழக்கைக் கொண்டுபோயிருந்தால் மிக்க ஆர்வத்தோடு கையில் எடுத்திருப்பார்கள்! ஏனெனில் இப்பெயரொற்றுமை பெரிய குழப்பத்துக்கு இடமளித்தது. கையொப்பமுள்ள மூலப்படம் எங்கேனும் கண்ணில் பட்டாலும், அது ஸ்னூக்கின் முஸ்லிம் பெயர்தானே என்று எண்ணிக் கடந்துவிட வாய்ப்பிருந்தது. ‘ஸையித்’ என்ற அடைமொழியும் ‘தபீபு மக்கா’ என்ற பட்டமும் ஸ்னூக்குக்கு எவ்வாறு பொருந்தும் என்று நிதானித்தால் போதும், குழப்பம் தீரும். நிதானித்துப் பார்க்க ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. ஆய்வாளர்கள் மூலப்படங்களை எடுத்து, அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்ட பின்னரே மருத்துவர் தம் பெயரைத் திரும்பப் பெற்றார். 1888ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள எந்தப் படம் எவருடையது என்ற வினா முழுவதும் அடங்கிவிடவில்லை.

ஸ்னூக்கின் செயலை ‘தத்லீஸ்’ என்று சிலர் சொல்லக்கூடும். அறிவிப்பாளரை மறைத்து, கேட்போர் வேறுவிதமாக எண்ணும்படி விடுவது தத்லீஸ். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முன்னுரையில் ‘ஒரு மருத்துவர்’ என்று ஒப்புக்கொண்டவரை முழு முதல்லிஸ் என்பது நீதியாகாது. ஆயினும் பெயரை எழுதாமல் விடுவது ஒன்று. எழுதப்பட்டிருந்த பெயரைத் துடைத்தெறிவது மற்றொன்று. நம் கலைச்சொல் அகராதியில் இவ்விரண்டாவதற்குப் பெயர் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கிதாபைப் படியெடுத்தவர்கள் அப்படி ஒரு காரியத்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்போலும்.

கடை வைத்து, தம் பெயரைத் தாமே அச்சிட்டவர்களுக்கு இந்தத் துன்பம் இல்லை. தில்லி சாந்தினி சவுக்கில் எச்.ஏ. மிர்ஸா என்பார் ஸ்டூடியோ நடத்தினார். 1907ஆம் ஆண்டளவில் அவர் எடுத்து வெளியிட்ட மக்கா, மதீனாப் படங்கள் இந்திய முஸ்லிம் இல்லங்களுக்குச் சென்றன. படத்தோடு ‘மிர்ஸாவும் மக்களும், தில்லி’ என்ற முத்திரையும் சென்றது. ஹைதராபாத்திலோ ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலீ கான் தம் அரசவைப் படப்பிடிப்பாளர் தீன தயாளுக்கு 1894இல் ‘ராஜா முஸவ்விர் ஜங் பகதூர்’ என்னும் பட்டம் வழங்கினார். உலமாக்கள் தர்க்கித்த அதே ‘முஸவ்விர்’ என்ற சொல் ஒரு சமணக் கலைஞருக்கு ஒரு முஸ்லிம் மன்னர் தந்த விருதாயிற்று! அந்தத் தீன தயாள் 1892இல் கோஷாப் பெண்களுக்கென ஹைதராபாத்தில் தனி ஸ்டூடியோ திறந்து, அதன் பொறுப்பை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைத்தார் என்பது நம் தாய்மார்கள் அறியத்தக்க செய்தி. திருமண வீட்டில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரே வேண்டும் என்று இன்று நாம் கேட்பது புதுமையன்று. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வழி கண்டிருக்கிறார்கள்.

மிர்ஸாவுக்குக் கடை, தீன தயாளுக்கு அரசவை, ஸாதிக் பேக்குப் பதவி. தபீபுக்கு இருந்தது தகட்டில் எழுதிய ஒரு வரி மட்டுமே. படம் கைவிட்டுப் போனபின் அதன்மேல் அவருக்கு இருந்த பிடி அது ஒன்றுதான். மாதச் சம்பளமும் கடைப் பலகையும் இல்லாமல், அழைத்த இடத்துக்குப் போய்ப் படமெடுத்துப் பிழைக்கும் தனித்தொழிலாளர் அனைவர் நிலையும் இன்றுவரை அதுவே.

இதை ஸ்னூக்கின் மீது ஏற்றிவிட்டு நான் கை கழுவிக்கொள்ள முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், நான் தொடர்புகொண்டிருந்த ஒரு கல்வி நிறுவனத்தின் விழாவுக்குச் சிறப்பு மலர் வெளியிட்டோம். மலர்க்குழுவில் யானும் ஒருவன். பிழை திருத்தும் பொறுப்பு என்னுடையது. படம் எடுத்தவர் எங்கள் ஊர் இளைஞர். சிறுவயதில் மக்தபில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். மூன்று நாட்கள் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மேடையில் ஒவ்வொருவரும் பொன்னாடை பெறும்போதும் படியின் ஓரத்தில் முழந்தாளிட்டிருப்பார். விருந்தில் நால்வர் நால்வராகச் சஹனில் அமர்ந்தபோது அவரை ஐந்தாமவராகக்கூட எவரும் அழைக்கவில்லை. பந்திகளெல்லாம் முடிந்தபின் சமையற்கட்டில் தனியே சாப்பிட்டார். முதியவர் ஒருவரை முற்றத்து வேப்பமர நிழலில் அமர்த்தி அவர் எடுத்த ஆளுருவப் படம் மலரின் முகப்பை அணிசெய்தது. அவ்வாண்டு இறுதியில் அப்பெரியவர் காலமானபோது அவர் மக்களும் பேரர்களும் சட்டமிட்டு வைத்துக்கொண்டது அப்படத்தையே.

மலரில் இருந்த பிரமுகர்களின் பட்டங்களில் ஒரு புள்ளி விடாமல் திருத்தினேன். நன்றிப் பக்கத்தில் பந்தல்காரர் பெயர் இருந்தது. பிரியாணி சமைத்த பண்டாரியின் பெயர் இருந்தது. படம் எடுத்தவர் பெயர் இல்லை. கூலி முழுதாகக் கொடுத்துவிட்டோம் என்ற நினைப்பில் அது எங்கள் எவர் கண்ணிலும் படவில்லை. அவ்விளைஞர் வந்தார், நின்றுகொண்டே முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். “ஹஜ்ரத், எனக்கு ரெண்டு பிரதி கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டு வாங்கிச் சென்றார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் சந்தித்தோம். சென்னையில் ஒரு பெரிய இடத்தில் விழாக்களுக்குப் படமெடுக்கும் வாய்ப்புக்கு முயன்றதாகவும், அச்சில் வந்த வேலை ஏதேனும் உண்டா என்று அவர்கள் கேட்க, எங்கள் மலரைக் காட்டியதாகவும், ‘இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?’ என்று அவர்கள் திருப்பிக் கேட்டதாகவும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதற்குள் நிக்காஹ் தஃப்தர் கையொப்பத்துக்கு வந்தது. வலீ, வக்கீல், இரண்டு சாட்சிகள் என எல்லோரும் பெயரெழுதிக் கையொப்பமிட்டனர். அவர் அதையும் படமெடுத்தார்.

மறுநாள் மலரின் கையிருப்புப் பிரதிகளை வரவழைத்தேன். அவருடைய பெயரை ஒரு சிறு சீட்டில் அச்சடித்து, நன்றிப் பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒட்டினோம். எழுபது பிரதிகள்போல இருக்கும். எஞ்சியவை முன்பே ஊர் ஊராகப் போய்விட்டன.

இவ்வளவையும் அன்று மாணவரிடம் சொல்லவில்லை. ‘அஸ்ஸையித் அப்துல் கஃப்பார், தபீபு மக்கா’ என்று கரும்பலகையில் எழுதினேன். அவர் அதைப் பார்த்துத் தம் கைப்பேசியில் படத்தின் அடியில் எழுத்தெழுத்தாகத் தட்டெழுதி, தம் நண்பர் குழுவுக்கு அனுப்பினார். மூன்று நாட்களுக்குப்பின் பெருநாள் வாழ்த்தாக அதே படம், அறிந்தவர் ஒருவரிடமிருந்து எனக்கே வந்தது. அடியில் ‘பழைய மக்கா’ என்றிருந்தது.